காந்தம் ஒட்டலன்னா 304 ஸ்டீலா? 14,600 ரூபாய் போச்சு

ஞாயித்துக்கிழமை ஒரே மூச்சுல சமைச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சு வாரத்தை ஓட்டுற ஆளா நீங்க? அதுக்குன்னு பாத்திரம் வாங்கப் போறீங்கன்னா இதைப் படிச்சிட்டுப் போங்க. எதைப் பார்த்து வாங்கணும்னு கடைசியில விவரமா எழுதறேன். முதல்ல என் வயித்தெரிச்சலைக் கொட்டிடறேன். நேத்து ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. 14,600 ரூபாய்!

நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போறவங்க. புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, வெங்காயம் தக்காளி வதக்கின மசாலா, வேகவெச்ச பருப்பு, நறுக்கின காய், தோசை மாவுன்னு ஞாயித்துக்கிழமையே எல்லாம் தயார் பண்ணி வெச்சாத்தான் மத்த நாள் காலையில மூச்சு விட முடியும். பிளாஸ்டிக் டப்பாவுல மஞ்சக் கறையும் எண்ணெய் வாடையும் ஏறிட்டா போறதே இல்ல. கண்ணாடி டப்பான்னா எங்க வீட்டுச் சின்னவன் கையில ஒரு வாரம் தாங்காது. அதனால ஸ்டீல்னு முடிவு பண்ணினோம். அதுலயும் 304ங்கற ரகம்தான் வேணும்னு தெளிவாத்தான் கடைக்குப் போனேன். 304-ல 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். நிக்கல் கூட இருக்கறதால விலையும் கூட. புளி, உப்பு பட்டாலும் தாங்கும். 202-ன்னு இன்னொரு ரகம் இருக்கு. நிக்கலைக் குறைச்சு அதுக்குப் பதிலா மாங்கனீஸ் சேர்த்திருப்பாங்க. விலை கம்மி, துருவைத் தாங்கற சக்தியும் கம்மி. புதுசா இருக்கறப்ப ரெண்டும் ஒரே பளபளப்புதான், கண்ணால பார்த்து யாராலயும் சொல்ல முடியாது.

மதுரையில பாத்திரக் கடைங்க வரிசையா இருக்கற ஒரு தெரு. அதுல ஒரு பழைய கடை, கீழ பித்தளையும் எவர்சில்வரும், மேல மாடியில மாடர்ன் சாமான். கல்லாவுல பெரியவர், நெத்தி நிறைய திருநீறு. "எந்த ஊரும்மா?"ன்னாரு. அருப்புக்கோட்டைப் பக்கம்னேன். "அட, என் மருமக ஊரு! டேய், நம்ம ஊருப் பொண்ணு வந்திருக்கு, நல்ல சாமானா எடுத்துக் காட்டுடா"ன்னு மேல பார்த்துக் குரல் குடுத்தாரு. காபி வந்துச்சு. ஃபேனை என் பக்கம் திருப்பி விட்டாங்க.

"அண்ணாச்சி, எனக்கு 304தான் வேணும், 202 வேண்டாம்"னு வாயைத் திறந்து சொன்னேன். கோவப்படவே இல்ல, சிரிச்சாரு. "விவரமான பொண்ணு"ன்னு சொல்லிட்டு மேசை டிராயரைத் திறந்து ஒரு காந்தத்தை எடுத்து என் கையில குடுத்தாரு. "நீயே வெச்சுப் பாரும்மா. ஒட்டுதா? ஒட்டாது. இதான் 304." அப்புறம் ரேக்ல இருந்து வேற ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாரு. அதுல டக்குனு ஒட்டுச்சு. "பார்த்தியா வித்தியாசத்தை? இந்த ஒட்டுற சரக்கை உனக்குக் குடுத்தா எனக்கு ராத்திரி சோறு இறங்குமா?"

இந்தக் காந்த வித்தையைத்தான் எல்லாரும் தெரிஞ்சுக்கணும். 304-ல காந்தம் ஒட்டாது, சரி. ஆனா 202-லயும் ஒட்டாது! ஒட்டுறது 430 மாதிரி நிக்கல் சேர்க்காத ரகத்துல. அவர் ரெண்டாவதா எடுத்து நீட்டினது அந்த மாதிரி ஒண்ணாத்தான் இருக்கணும். நான் கேட்டது 304-ஆ 202-ஆன்னு. அதுக்குக் காந்தம் பதில் சொல்லவே சொல்லாது. காலமெல்லாம் ஸ்டீல் வித்த மனுஷனுக்கு இது தெரியாதா? தெரிஞ்சுதான் டிராயர்ல காந்தத்தைத் தயாரா வெச்சிருக்காரு.

டப்பா செட் 9,400. கூடவே மசாலா வதக்க அஞ்சு லிட்டர் ட்ரைப்ளை கடாய் 5,200. மொத்தம் 14,600, ஜிபேல அனுப்பினேன். பில் கேட்டா, "கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுதும்மா, சாயங்காலம் வாட்ஸ்அப்ல வந்துரும்"னு சொல்லி ஒரு எஸ்டிமேட் சீட்டுல கிறுக்கிக் குடுத்தாரு. கடை பேரு இல்ல, ஜிஎஸ்டி நம்பர் இல்ல, '304' இல்ல. ரெண்டு தொகையும் ஒரு கூட்டலும், அவ்வளவுதான். சாயங்காலம் இன்னும் வரல.

முதல்ல பல்லைக் காட்டினது கடாய். நிஜமான ட்ரைப்ளைன்னா ஸ்டீல், நடுவுல அலுமினியம், மறுபடி ஸ்டீல்னு மூணு அடுக்கும் அடியில இருந்து விளிம்பு வரைக்கும் போகணும். அப்பத்தான் பக்கச் சுவர்லயும் சூடு சீராப் பரவும். இதுல வெங்காயம் வதக்கினா அடியில ஒண்ணும் ஆகல, சுவர் ஆரம்பிக்கற இடத்துல வட்டமா கருகுது. திருப்பிப் பார்த்தா அடியில மட்டும் ஒரு தட்டை ஒட்டியிருக்கு, அந்த வரம்பு தெளிவாத் தெரியுது. இதுக்குப் பேரு சாண்ட்விச் பாட்டம். அதுவும் தப்பான சாமான் இல்ல. ஆனா அதை ட்ரைப்ளைன்னு சொல்லி ட்ரைப்ளை விலைக்கு விக்கறதுக்குப் பேரு வேற.

அடுத்தது டப்பா. புளிக்காய்ச்சல் வெச்ச டப்பாவுல பழுப்புப் புள்ளி. அப்புறம் தொக்கு டப்பா. உள்ளே தொட்டா சொரசொரன்னு குழி. வீட்டுக்காரருக்குத் தெரிஞ்ச ஒருத்தர் கைப்பிடி, கேட் அடிக்கற ஸ்டீல் பட்டறை வெச்சிருக்காரு. அவங்க தொழில்ல 202-ஆ 304-ஆன்னு தினம் தகராறு, அதனால சோதிக்க ஒரு மருந்து வெச்சிருப்பாங்க. டப்பா மேல ஒரு சொட்டு விட்டு, சின்ன பேட்டரியை வெச்சாரு. சொட்டு சிவப்பாயிடுச்சு. "மாங்கனீஸ்க்கா. 200 சீரிஸ், அதாவது 202 மாதிரி ரகம். 304-னா இப்படிச் சிவக்காது"ன்னாரு. எங்க பழைய டிபன் கேரியர்ல விட்டுப் பார்த்தோம், சிவக்கவே இல்ல. எங்க அம்மா வாங்கிக் குடுத்தது அது.

கடைக்கு போன் போட்டேன். பையன் எடுத்தான். "அது துரு இல்லக்கா, உங்க தண்ணியில உப்பு. சபீனா போட்டுத் தேய்ங்க." தேய்ச்சேன், குழி பெருசாச்சு. மறுபடி கேட்டா, "ஓனர் திருச்செந்தூர் போயிருக்காரு." அதுக்கப்புறம் கேட்டா, "கம்பெனி ரெப் வருவாரு, அவர்கிட்ட சொல்லுங்க." எந்தக் கம்பெனி தம்பின்னா பதில் இல்ல. நேர்லயே போய் நின்னேன். நம்ம ஊருப் பொண்ணுன்னு காபி குடுத்த அதே மனுஷன் என் முகத்தைப் பார்க்காம கால்குலேட்டரைப் பார்த்துக்கிட்டு, "பில் இருக்கா?"ன்னு கேட்டாரு பாருங்க... எனக்கு ரத்தம் கொதிச்சிடுச்சு. பில் குடுக்காதது யாரு?

"304-னு நான் எழுதிக் குடுத்தேனா? புழங்கின பாத்திரத்தைத் திருப்பி எடுத்தா நான் யாருக்கு விக்கறது?" அங்க நின்ன வேற கஸ்டமர் ரெண்டு பேரு திரும்பிப் பார்க்கவும், "சரி, ஆளு வரட்டும், சாயங்காலம் பேசுவோம்"னு குரலை இறக்கினாரு. அன்னிக்கு ராத்திரியில இருந்து வாட்ஸ்அப்ல ஒத்தை டிக்தான். 14,600 ரூபாய்க்கு ஒத்தை டிக்!

இன்னொண்ணு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பில் குடுக்காம இருக்கறதே முறையற்ற வணிகம்னுதான் இருக்கு. குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க பில்லுல கெடு எதுவும் போடலன்னா 30 நாளைக்குள்ள எடுத்தாகணும், மறுத்தா அதுவும் அதே கணக்குதான். இதை அவர்கிட்டயே சொன்னேன். "கோர்ட்டுக்குப் போம்மா"ன்னாரு.

விவரமா எழுதறேன்னு சொன்னேன்ல, இப்ப அதுக்குப் பொறுமை இல்ல. சுருக்கமா சொல்றேன். காந்தத்தை எடுத்துக் காட்டினா அதுல மயங்காதீங்க. '304'ங்கற நம்பர் பில்லுல எழுத்தா இருக்கணும், இல்லன்னா காசைக் குடுக்காதீங்க. பாத்திரத்துல ஐஎஸ்ஐ முத்திரை இருந்தா அதோட சிஎம்/எல் நம்பரை (லைசென்ஸ் நம்பர்) அந்த முத்திரையைக் குடுக்கற பிஐஎஸ்-ஓட பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டுப் பாருங்க, லைசென்ஸ் யாரு பேர்லன்னு வரும். ட்ரைப்ளைன்னு சொன்னா கடாயைக் கவுத்து, அடியில தட்டு ஒட்டின வரம்பு இருக்கான்னு பாருங்க. எஸ்டிமேட் சீட்டைக் கையில வாங்கவே வாங்காதீங்க. புளி, தொக்கு, ஊறுகாய்க்கு வீட்டுல பழைய ஜாடி இருந்தா அதையே வெச்சுக்குங்க.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட்டுப் புகார் பதிவு பண்ணிட்டேன். ஜிபே ஸ்க்ரீன்ஷாட், சீட்டு, டப்பா போட்டோ எல்லாம் பத்திரமா இருக்கு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லங்கறதால அதையும் விடப்போறதில்ல. மதுரையில யாராவது இப்படி எஸ்டிமேட் சீட்டை மட்டும் வெச்சுக் காசைத் திரும்ப வாங்கியிருந்தீங்கன்னா, மனுவோட என்னென்ன வெச்சீங்கன்னு எனக்குச் சொல்லுங்க. திங்கக்கிழமை குடுக்கப் போறேன்.