ஊர்க் குரல்களை எதில் ஏற்றுவது? சமுதாய வானொலி, பாட்காஸ்ட், யூடியூப், வாட்ஸ்ஆப்: ஓர் ஒப்பீடு

ஊரின் வரலாறு, பாட்டு, கதை, திருவிழா இவற்றை ஊர்க்காரர்களே பேசிப் பதிவு செய்து வெளியிட வேண்டும் என்று ஆசைப்படுகிற குழுக்கள் இப்போது நிறைய. கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வாசகர் வட்டத்து நண்பர்கள் என்று பலரும் இறங்குகிறார்கள். முதல் கூட்டத்திலேயே ஒரு கேள்வி வந்துவிடும்: எதில் வெளியிடுவது?

பெரும்பாலும் 'எத்தனை பேர் கேட்பார்கள்' என்பதை வைத்தே முடிவெடுக்கிறார்கள். என் அளவுகோல் வேறு. கதை சொன்ன பாட்டி, தான் சொன்னதைத் தன் வீட்டில் உட்கார்ந்து கேட்க முடிகிறதா? அவர் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரரும் கேட்பார். "அப்படியில்ல, அந்தப் படகு உங்க சித்தப்பாவோடது" என்று திருத்துவார். அந்தத் திருத்தத்திலிருந்து அடுத்த கதை கிளம்பும். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி பத்தாயிரம் பேர் கேட்டும் சொன்னவர் காதுக்கு எட்டவில்லை என்றால், ஊரிடமிருந்து எடுத்துக்கொண்டு போனோம் என்றுதான் அர்த்தம்.

எடுத்துக்காட்டுக்கு ராமேஸ்வரம் தீவை எடுத்துக்கொள்வோம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது. அன்று பத்து வயதாக இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு, விசைப்படகுகளும் இயந்திரங்களும் வந்தபின் பாடும் சந்தர்ப்பமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. மன்னார் வளைகுடாவில் மூழ்கிக் கடல்பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தைப் பற்றிய நினைவுகள் இருக்கின்றன. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்துவிட்டதால் அவற்றை இப்போதே கேட்டு வாங்க வேண்டும். இத்தனையையும் பதிவு செய்தால் எதில் போடுவது?

வானொலிக்கு இருக்கும் பலம்

இந்தத் தீவுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. பாம்பனில் 2016 முதல் 'கடல் ஓசை' 90.4 சமுதாய வானொலி, அதாவது ஊர் மக்களுக்காக லாப நோக்கமின்றி நடக்கும் சின்ன எஃப்.எம். நிலையம், ஒலிக்கிறது. மீனவ மக்களுக்காகவே தொடங்கியது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2004 பிப்ரவரி 1-ல் தொடங்கிய அண்ணா சமுதாய வானொலியும் அதே 90.4-தான். இரண்டும் மோதிக்கொள்வதில்லை, ஏனென்றால் சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்பட்ட பரப்பு சக்தி 100 வாட். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனால் அதிகம்.

இந்தக் குறுகிய எல்லையைப் பலரும் குறையாகச் சொல்கிறார்கள். ஊர் நிகழ்ச்சிக்கு அதுதான் பலம் என்பேன். ஒலிபரப்பு எட்டும் இடத்தில் இருப்பவர்கள் எல்லாருக்கும் வாடைக்காற்று எது, கச்சான் எது, கொண்டல் எது என்று தெரியும். யாருக்கும் எதையும் விளக்க வேண்டாம். பேசுகிறவர் தன் வீட்டுத் திண்ணையில் பேசுவது போலவே பேசலாம். வலை பின்னிக்கொண்டும் மீன் காயப்போட்டுக்கொண்டும் கேட்கலாம். நெட் பேக் வேண்டாம், எழுத்துக் கூட்டித் தேட வேண்டாம், பட்டனைத் திருகினால் போதும். என் அளவுகோலின்படி இதை மிஞ்ச வேறொன்று இல்லை.

நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி உள்ளூரில் தயாரானவையாக இருக்க வேண்டும் என்பது அரசு விதி. ஆகவே நிலையத்துக்கே உங்கள் பதிவு தேவைப்படும்.

தடைகளும் சாதாரணமானவை அல்ல. தனிமனிதர் உரிமம் கேட்க முடியாது. கல்வி நிறுவனமாகவோ, மூன்று ஆண்டாவது இயங்கிய லாப நோக்கமற்ற அமைப்பாகவோ இருக்க வேண்டும். கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் இருந்த கதவு மற்ற அமைப்புகளுக்கும் திறந்தது 2006-ல்தான். பல அமைச்சகங்களின் ஒப்புதல், கோபுரம், டிரான்ஸ்மிட்டர், தினமும் நிகழ்ச்சி ஓட்ட ஆட்கள் என்று லட்சங்களில் போகும் வேலை. விளம்பரத்துக்கு மணிக்கு 7 நிமிடமாக இருந்ததை 2024-ல் 12 நிமிடமாக்கினார்கள். ஆனால் சின்ன ஊரில் அத்தனை விளம்பரம் யார் தருவார்கள்? சொந்தமாகச் செய்தி வாசிக்கவும் அனுமதி இல்லை. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே மறு ஒலிபரப்பலாம், அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல் போன்களில். பட்டன் போன்களில் எஃப்.எம். இருக்கிறது. புது ஸ்மார்ட்போன்கள் பலவற்றில் அதை எடுத்துவிட்டார்கள். 2023-ல் மத்திய அரசே எஃப்.எம். வசதியை வைக்கச் சொல்லி போன் நிறுவனங்களுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது. ஆக, ஒரே வீட்டில் பாட்டி கேட்பார், பேத்தியால் முடியாது.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது, ஒலிபரப்பானதும் அது போய்விடுகிறது என்பதுதான். மறுபடி கேட்க வேண்டுமென்றால் நிலையத்தார் மனசு வைக்க வேண்டும்.

பாட்காஸ்ட்: நிற்கும், ஆனால் எட்டாது

இணையத்தில் ஏற்றி, வேண்டியபோது கேட்கும் ஒலி நிகழ்ச்சியான பாட்காஸ்ட் இதற்கு நேர் எதிர். ஒருமுறை ஏற்றிவிட்டால் இருக்கும். அரை மணி நேரப் பேச்சை 64 கேபிபிஎஸ் மோனோவில் (ஒற்றைத் தட ஒலியில்) எம்பி3 என்ற அழுத்திய கோப்பாக ஆக்கினால் சுமார் 14 எம்பி. ஆயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும் காலர் மைக், ஒரு போன், இலவச எடிட்டிங் செயலி, ஒலிக்கோப்பை இணையத்தில் வைக்க இலவச ஹோஸ்டிங், நாளைக்கே தொடங்கலாம். யாரிடமும் உரிமம் கேட்க வேண்டாம். நேர அட்டவணை இல்லாததால் தனுஷ்கோடிப் புயலைப் பற்றி ஒருவர் ஒன்றே கால் மணி நேரம் பேசினாலும் வெட்டாமல் விடலாம். சென்னையிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் ஊர்ப்பிள்ளைகள் இரவு வேலை முடிந்து கேட்பார்கள்.

தொழில்நுட்பத்தில் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். பாட்காஸ்ட்டின் உயிர் ஆர்எஸ்எஸ் ஃபீடில், அதாவது எபிசோடுகளின் விவரமும் ஒலிக்கோப்பின் முகவரியும் கொண்ட இணையப் பட்டியலில், இருக்கிறது. செயலிகள் எல்லாம் அந்த ஃபீடைப் படித்துக் காட்டுகிறவைதான். 2024-ல் கூகுள் தன் பாட்காஸ்ட் செயலியை மூடியபோது, ஃபீடைத் தங்கள் கையில் வைத்திருந்தவர்களின் பதிவுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேட்பவர்கள் வேறு செயலிக்குப் போனார்கள், அவ்வளவே. ஆகவே ஹோஸ்டிங் இலவசமாக இருக்கலாம், ஆனால் ஃபீடை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ள விடுகிற இடமாக இருக்க வேண்டும்.

சரி, என் அளவுகோலுக்கு வருவோம். பாட்டி கேட்பாரா? தானாகக் கேட்க மாட்டார். செயலியைத் திறந்து, பெயரைத் தேடி, எபிசோடைத் தட்டிக் கேட்கும் பழக்கம் அவர் தலைமுறையில் மிக அரிது. யாராவது போட்டுக் காட்ட வேண்டும். பாட்காஸ்ட்டின் பெரிய பலவீனம் இது. நகரத்துக் குழுக்கள் இதை மறந்துவிடுகின்றன.

அப்புறம், நிலைத்து நிற்பதிலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஊர்க் கதைகளில் சாதி வரும், குடும்பச் சண்டை வரும், கோயில் முதல் மரியாதை யாருக்கு என்ற வழக்கு வரும், ஓடிப்போனவர்கள் கதை வரும். வானொலியில் அது காற்றோடு போகும். பாட்காஸ்ட்டில் பத்து வருஷம் கழித்து பேரனுக்குப் பெண் பார்க்கும்போது யாரோ எடுத்துக் கேட்பார்கள். அதனால் வெளியிடுமுன் சொன்னவரிடம் முழுவதையும் போட்டுக் காட்டி, "இது வேண்டாம்" என்பதை மறுபேச்சில்லாமல் எடுத்துவிட வேண்டும். அதுவே அவர் தன் குரலைக் கேட்கும் சந்தர்ப்பமும் ஆகிவிடுகிறது. இதைச் செய்யாத குழு எவ்வளவு நேர்த்தியாகத் தயாரித்தாலும் எனக்கு மரியாதை வராது.

பாட்டு என்று வந்தால்

இசைக்கு இடம் கொடுக்கும் நிகழ்ச்சி என்றால் வானொலியும் பாட்காஸ்ட்டும் சட்டத்தின் முன் சமம் அல்ல. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 31-டி பிரிவு, ஒலிபரப்பு நிறுவனங்கள் நிர்ணயித்த கட்டணம் செலுத்தி, வெளியான பாடல்களை ஒலிபரப்ப வழி செய்கிறது. இணையத்தில் வேண்டியபோது கேட்கும் சேவைகளுக்கு இது பொருந்தாது என்று 2019-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, வானொலி தன் நிகழ்ச்சிக்கு நடுவே முறைப்படி சேர்க்கும் சினிமாப் பாட்டை, அதே நிகழ்ச்சி பாட்காஸ்ட் ஆகும்போது எடுத்துவிட வேண்டும், அல்லது உரிமையாளரிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். பத்து விநாடி போட்டால் பரவாயில்லை என்பது வெறும் வாய்ப்பேச்சு.

தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, அம்பா போன்ற வழிவழிப் பாட்டுகளுக்குத் தனி ஆசிரியர் இல்லை. ஆனாலும் பாடுகிறவருக்குத் தன் நிகழ்த்துதல் மீது சட்டப்படி உரிமை இருக்கிறது. 50 ஆண்டு செல்லும். அவர் சம்மதத்தைப் பதிவிலேயே அவர் வாயால் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பணமும் கொடுங்கள். ஒரு மணி நேரம் பாடி முடித்தவரிடம் "ரொம்ப நன்றி பாட்டி" என்று கைகூப்பிவிட்டு வருவது சரியில்லை.

யூடியூபும் வாட்ஸ்ஆப்பும்

தமிழில் தேடுகிறவர்கள் யூடியூபில்தான் தேடுகிறார்கள், மறுக்கவில்லை. கூத்து, கணியான் ஆட்டம், வில்லுப்பாட்டு போன்றவற்றுக்கு அது கட்டாயம் வேண்டும். அடவையும் முகத்தையும் பார்க்காமல் கூத்தை எப்படி அறிவது? கமெண்டில் ஒருவர் வந்து "பாடுறது எங்க அத்தை" என்று எழுதுவதும் அங்கேதான் நடக்கும்.

ஆனால் பேச்சு நிகழ்ச்சிக்கு அது பொருத்தமான இடமில்லை. இலவசமாகக் கேட்பவர்களுக்குத் திரையை அணைத்தால் சத்தமும் நின்றுவிடும். வேலை செய்துகொண்டே கேட்பது போயிற்று. கதைக்கு நடுவே விளம்பரம் புகும். விளம்பர வருமானம் கிடைக்க ஆயிரம் சந்தாதாரர், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வை என்ற இலக்கு கண்ணில் பட்டதும் குழுவின் மனசே மாறுகிறது. தனுஷ்கோடி என்றால் நினைவுகளை விட்டுவிட்டு 'பேய் நகரம்' என்று தலைப்பு வைக்கச் சொல்லும் இடம் அது. உயிரோடு இருக்கும் மனிதர்கள் தங்கள் வீட்டாரை இழந்த இடத்தை அப்படி அழைப்பதை என்னால் ஏற்க முடியாது.

வாட்ஸ்ஆப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பரப்புவதற்கு நல்லது, வைத்துக் காப்பதற்கு உதவாது. பாட்டி பயன்படுத்தும் ஒரே செயலி அநேகமாக அதுதான் என்பதால் என் கணக்கில் அதற்கு நல்ல மதிப்பெண். ஆனால் நாலு குழு தாண்டியதும் யார் சொன்னது, எந்த ஊர் என்ற விவரம் உதிர்ந்துவிடும். வாய்ஸ் நோட்டாக அழுத்திய ஒலியில் பேச்சு தாங்கும். தவிலும் நாதஸ்வரமும் தாங்காது. அதனால் ஊர், ஆள் பெயர் இரண்டையும் ஒலியின் முதல் பத்து விநாடியிலேயே பேசிச் சேர்த்துவிடுங்கள்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

பாம்பன் மாதிரி வானொலி இருக்கும் ஊரில், முதல் ஒலிபரப்பு வானொலிக்குத்தான். ஊர் கேட்டுத் திருத்திய பிறகு, திருத்தங்களோடு பாட்காஸ்ட்டில் ஏற்றுவேன். வானொலி இல்லாத ஊரில் ஃபீடை முதுகெலும்பாக வைத்து, ஒவ்வொரு எபிசோடையும் வாட்ஸ்ஆப்பில் அனுப்புவேன். மாதத்தில் ஒரு மாலை நூலகத்திலோ டீக்கடையிலோ ஸ்பீக்கர் வைத்து எல்லாரும் சேர்ந்து கேட்க ஏற்பாடு செய்வேன். யூடியூபுக்குப் பார்க்க வேண்டிய கலைகள் மட்டும்.

எந்த வழியில் போனாலும் அசல் பதிவை எம்பி3 ஆக்கியதும் அழித்துவிடாதீர்கள். அழுத்தாத மோனோ வேவ் கோப்பு ஒரு மணி நேரத்துக்கு 350 எம்பி அளவில்தான் வரும். ஒரு பென்டிரைவில் ஒரு வருஷ வேலையை வைக்கலாம். சொன்னவர் பெயர், ஊர், பதிவு செய்த தேதி, அவர் எதற்குச் சம்மதித்தார் என்ற நான்கையும் கோப்போடு எழுதி, ஒரு பிரதி பக்கத்துக் கல்லூரி நூலகத்துக்கும் இன்னொன்று சொன்னவர் வீட்டுக்கும் கொடுங்கள்.