பெயர் தெரியாத மாத்திரை: டிரக்ஸ்.காம் தேடலை நீலகிரியில் நம்பலாமா?

குன்னூர், வெலிங்டன், கோத்தகிரிப் பக்கம் பல வீட்டு அலமாரிகளில் ஒரு பாட்டில் உட்கார்ந்திருக்கும். ஆரஞ்சு நிற பிளாஸ்டிக், அழுத்தித் திருகினால்தான் திறக்கும் வெள்ளை மூடி. அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ கொண்டுவந்தது. லேபிளில் ஒரு மருந்தின் பெயர்தான் இருக்கும், உள்ளே நாலு நிறத்தில் மாத்திரை கிடக்கும். மாத்திரை மேலுள்ள எழுத்தைப் போட்டால் மருந்தின் பெயரைச் சொல்லும் டிரக்ஸ்.காம் தளத்தின் மாத்திரைத் தேடல் இந்தப் பாட்டிலுக்கு அருமையான கருவி. காசும் கிடையாது. ஆனால் நம்மூர் மெடிக்கலில் கவரில் போட்டுக் கொடுத்த மாத்திரைக்கு அதைத் திறந்து நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. மிகச் சில விலக்குகள் போக, அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு மாத்திரையிலும் கேப்ஸ்யூலிலும் மருந்தையும் தயாரிப்பாளரையும் காட்டும் குறியீடு இருக்க வேண்டும் என்பது 1995 செப்டம்பரிலிருந்து அங்கே விதி. இங்கே அப்படிக் கட்டாயம் இல்லை. நம் விதிகள் எல்லாம் அட்டையோடு நின்றுவிடுகின்றன. ஒரே இந்திய கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்பும் மாத்திரையில் எழுத்து இருக்கும், உள்ளூரில் விற்பது மொட்டையாக இருக்கலாம்.

தேடும்போது எழுத்தை மட்டும் முதலில் போடுங்கள். நிறத்தையும் வடிவத்தையும் காலியாக விடுங்கள். நாம் வெள்ளை என்பது அங்கே வேறு பெயரில் இருக்கும், நாம் நீள்வட்டம் என்பதை அவர்கள் கேப்ஸ்யூல் வடிவம் என்பார்கள். மூன்றையும் நிரப்பினால் சரியான விடையே வடிகட்டப்பட்டுப் போய்விடும். இரண்டு பக்கமும் எழுத்து இருந்தால் இரண்டையும் சேர்த்துப் போடவும். 0, ஆங்கில ஓ, 1, ஐ, 5, எஸ், 8, பி ஆகியவை அடிக்கடி மாறிப்போகும். பள்ளமான எழுத்து தெரியவில்லையென்றால் மாத்திரையை வெள்ளைத் தாளில் வைத்து, போன் டார்ச்சைப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட தாளோடு ஒட்டிப் பிடியுங்கள். நிழல் விழுந்து எழுத்து எழும்பும். நேர் மேலிருந்து அடித்தால் எல்லாம் வெளுத்துவிடும்.

உதாரணத்துக்கு வெள்ளை நீள மாத்திரையில் 'எல் 484' என்றிருந்தால் அது 500 மில்லிகிராம் அசிட்டமினோஃபென். வேறொன்றும் இல்லை, நம்ம பாராசிட்டமால்தான். இது தெரியாமல் அதையும் போட்டு, மேலே டோலோ 650-ஐயும் போட்டால் கல்லீரலுக்குப் போவது ஒரே மருந்து இரட்டிப்பாக. இளஞ்சிவப்பு வட்டத்தில் 'லூபின் 10' என்றிருந்தால் லிசினோபிரில் 10, பிபி மாத்திரை. தைராய்டு மாத்திரைக்கு அங்கே நிறமே அளவைச் சொல்லும்: 25 மைக்ரோகிராம் ஆரஞ்சு, 50 வெள்ளை, 75 ஊதா, 100 மஞ்சள். இந்த நிறக் கணக்கை இங்கே வாங்கும் தைராய்டு பாட்டிலுக்குப் பொருத்தாதீர்கள். அட்டை இல்லாமல் மாத்திரை உதிரியாக வருவதால், பழைய பாட்டிலின் மிச்சத்தைப் புதியதில் கொட்டுவதும் வேண்டாம். அளவு மாறியிருந்தால் பிறகு பிரிக்க வழியில்லை.

கருவியின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். எழுத்தே இல்லாத அமெரிக்க மாத்திரை பெரும்பாலும் வைட்டமினோ மூலிகையோதான், குறியீட்டு விதி அவற்றுக்கு இல்லை. எழுத்து இருந்தாலும் அது என்னவாக இருக்க வேண்டும் என்பதைத்தான் சொல்லும். ஆக்ஸிகோடோன் என்ற வலி மாத்திரையின் 'எம் 30' குறியை அச்சடித்த போலி மாத்திரைகளில் ஃபென்டனில் என்ற மிகக் கடுமையான போதை வலிநிவாரணி கலந்து அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. பழைய கட்டுரைகள் சிபாரிசு செய்யும் பில்பாக்ஸ் என்ற அமெரிக்க அரசுத் தளம் 2021-லேயே மூடப்பட்டுவிட்டது, தேட வேண்டாம். கூகுள் லென்ஸில் படம் எடுத்துப் போட்டால் ஒரே மாதிரியான இருபது வெள்ளை வட்டங்களைக் காட்டும், அவ்வளவுதான்.

இனி நம் அட்டை. இங்கே அடையாளம் என்பது அட்டையின் பின்பக்கம்தான், அதைத்தான் கத்தரிக்கோல் முதலில் தின்கிறது. பத்தில் நாலு கேட்டால் பெயர் பாதியில் வெட்டுப்படும், தேதியும் பேட்ச் எண்ணும் ஓரத்தோடு கடையிலேயே தங்கிவிடும். "அண்ணா, எக்ஸ்பயரி இருக்கற பக்கமா குடுங்க" என்று கேளுங்கள், இல்லையென்றால் வெட்டும் முன் முழு அட்டையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முன்னணி 300 பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்ட் முதல் க்யூஆர் அல்லது பார்கோடு கட்டாயம். அட்டையில் இடம் இல்லையென்றால் அது வெளிப்பெட்டியில் இருக்கும், பெட்டியோ நம் கைக்கு வருவதே இல்லை.

நிறத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மூட்டுவாதக்காரர் வீட்டு மாத்திரை டப்பாவைப் பார்த்தால் போதும். மெத்தோட்ரெக்சேட் 2.5 சின்ன மஞ்சள், வாரம் ஒரு நாள். அதன் பக்கவிளைவைக் குறைக்கக் கூடவே எழுதும் ஃபோலிக் ஆசிட் 5, அதுவும் சின்ன மஞ்சள். அட்டையை விட்டு வெளியே எடுத்து ஒரே டப்பாவில் போட்டால் கண்ணால் பிரிப்பது சூதாட்டம். மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் விழுங்கினால் வாய்ப்புண்ணில் தொடங்கி ரத்த அணுக்கள் சரியும், உயிருக்கே ஆபத்து. இந்த இரண்டையும் எப்போதும் அட்டையோடே வையுங்கள்.

மலையில் இன்னொரு வில்லன் ஈரம். மழைக்காலக் கோத்தகிரியில் உப்பே கசியும்போது மாத்திரை என்ன செய்யும்? அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாட்டிக் மஞ்சளித்துப் பழுப்பாகும், ஆஸ்பிரின் வினிகர் வாடை அடிக்கும், மேற்பூச்சு வெடித்து எழுத்தும் உரியும். அப்புறம் எந்தத் தளமும் உதவாது. எல்லா வாடையும் கெட்டதற்கு அறிகுறி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும், சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினில் மீன் வாடை இயல்பாகவே வரும்.

மதிப்பெண் கேட்டால், அமெரிக்க பாட்டிலுக்கு ஐந்துக்கு நாலரை, நம் கவருக்குப் பூஜ்யம். குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் தேடலே வேண்டாம், 108-ஐ அழையுங்கள். எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117, இரவும் பகலும் இயங்குகிறது. மிச்ச மாத்திரையையும் கவரையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.

கடைசிவரை பெயர் தெரியாதவற்றை வெளிக் குப்பையில் அப்படியே வீசாதீர்கள். கரடியும் குரங்கும் கிளறும் ஊர் இது. வடிகட்டிய டீத்தூளோடு பொடிக்காமல் பிசைந்து, கவரில் இறுகக் கட்டிக் குப்பை வண்டியில் போடுங்கள்.