ஒன்பது வருடம், ஒரு பைண்டிங், ஒரு பெயரடைவு

போன மாதம் அந்தப் புத்தகத்தைப் பைண்டிங்குக்குக் கொடுத்து வாங்கினேன். மேசைமேல் புது அட்டையோடு கிடந்ததைப் பார்த்த நண்பர், "நல்லா இருக்கா? நானும் ஒன்று தேடி வாங்கட்டுமா?" என்று கேட்டார். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை.

வேல்ஸின் தலைநகரான கார்டிஃப் ஊரின் துறைமுகத்தில் நடந்த கொலைகள், தூக்குகள், விபத்துகள் பற்றிய புத்தகம் அது. பெயர் வேண்டாம், எழுதியவர்மீது எனக்குப் பாதி மரியாதை, பாதி எரிச்சல். இந்த ஊர்ப் பக்கம் இப்படிப்பட்ட புத்தகங்கள் எப்படி இருக்கும் என்பது தெரிந்ததுதான்: மங்கலான படங்கள், இருண்ட அட்டை. ஒன்பது வருடம் முன்பு பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். என்னுடையது 1998க்கு முந்தைய அச்சு. அந்த வருடம் ஏன் முக்கியம் என்பது பின்னால் வரும்.

முதலில் நல்லது. கையில் வைத்துக்கொண்டு நடக்க இதைவிடத் துணை கிடையாது. எந்தத் தெரு, எந்த முனை, அங்கே முன்பு என்ன இருந்தது என்று விடாமல் சொல்லிக்கொண்டே வருகிறது. பியூட் தெருவைச் சுற்றியிருந்த பழைய வீடுகளில் பெரும்பாலானவற்றை 1960களில் இடித்துவிட்டார்கள், அதனால் இந்தத் துணை இல்லாமல் அங்கே ஒன்றும் புரியாது. கிரேஞ்ச்டவுனில் ஹாலிமன் பேக்கரி இருந்த முனைக்கு நான் போனதே இதைப் படித்துத்தான். 1941 ஜனவரி 2 இரவு, குண்டுவீச்சுக்குப் பயந்து அக்கம்பக்கத்தார் அந்த பேக்கரியின் நிலவறையில் ஒதுங்கியிருந்தார்கள். குண்டு நேராக அங்கேயே விழுந்தது. 32 பேர். அன்று இரவு ஊர் முழுக்க இறந்தவர்கள் 165. இந்த அத்தியாயத்தில் ஒரு அலங்கார வரி கிடையாது. அடக்கி எழுதியிருக்கிறார். அதற்காகவே புத்தகத்தை மன்னித்துவிடலாம் என்று பல முறை தோன்றியிருக்கிறது.

அப்புறம் கடைசிப் பக்கங்களைத் திருப்புவேன். கோபம் வந்துவிடும்.

பெயரடைவில் ‘கொலையாளிகள்’ என்று தனித் தலைப்பு. அதில் டிக் பெண்டெரின் பெயர் இருக்கிறது. 1831இல் மெர்தர் ஊரில் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தபோது டொனால்ட் பிளாக் என்ற சிப்பாயின் காலில் துப்பாக்கிக் கத்தியால் குத்தினார் என்று பிடிக்கப்பட்ட இளைஞர். குத்துப்பட்ட சிப்பாய் சாகவே இல்லை! தன்னைக் குத்தியவர் இவர்தான் என்று அவரால் அடையாளம் காட்டவும் முடியவில்லை. கருணை கேட்டுப் பல்லாயிரம் பேர் கையெழுத்துப் போட்டும் பலனில்லை. ஆகஸ்ட் 13 அன்று, இன்று கார்டிஃப் சந்தை இருக்கும் இடத்துக்கு வெளியே, புனித மேரி தெருவில் தூக்கிலிட்டார்கள். "ஆண்டவனே, இது அநியாயம்" என்று வெல்ஷ் மொழியில் கடைசியாகச் சொன்னாராம். செத்தவரே இல்லாத வழக்கில் கொலையாளி எங்கிருந்து வந்தார்? அத்தியாயத்தில் இதையெல்லாம் ஒழுங்காகச் சொல்கிற அதே ஆசிரியர்தான் பின்னால் அந்தப் பட்டியலில் பெயரைச் சேர்க்கிறார்.

சரி, அது பழைய கதை என்று விடலாம். மஹ்மூத் மட்டான் பெயரும் அங்கேதான் இருக்கிறது.

1952 மார்ச் 6 மாலை, பியூட் தெருவில் தன் கடையிலேயே லிலி வோல்பர்ட் கழுத்து அறுக்கப்பட்டு இறந்தார். சோமாலியரான மட்டான் கப்பல் தொழிலாளி. மனைவி லாரா வெல்ஷ் பெண், மூன்று பையன்கள். வழக்கின் முக்கிய சாட்சி முதலில் சொன்ன அடையாளத்தில் தங்கப் பல் இருந்தது. மட்டானுக்குத் தங்கப் பல் கிடையாது. அவருக்காக வாதாட வந்த வழக்கறிஞரே அவரைப் பாதிக் காட்டுமிராண்டி என்று நீதிமன்றத்தில் சொன்னார். செப்டம்பர் 3 அன்று கார்டிஃப் சிறையில் தூக்கு. 1998 பிப்ரவரியில்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. அதற்குள் 46 வருடம் போய்விட்டது. லாரா அத்தனை வருடமும் விடவில்லை. மட்டானின் கல்லறையில் ‘அநியாயத்தால் கொல்லப்பட்டவர்’ என்று பொறித்திருக்கிறார்கள். தென் வேல்ஸ் போலீஸ் மன்னிப்புக் கேட்டது 2022இல்.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், என் பிரதி அச்சானபோது அவர் சட்டப்படி குற்றவாளிதான். ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் லிலி வோல்பர்ட்டின் பெயர் எங்கே? பெயரடைவில் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன், வோ வரிசையிலும் இல்லை, லி வரிசையிலும் இல்லை. பேக்கரியில் இறந்த 32 பேரில் ஒருவர்கூட இல்லை. தூக்கிலிட்டவர்களுக்குக்கூட ஒரு வரிசை கொடுத்திருக்கிறார். இதற்கு எந்த நீதிமன்றத்தைக் காத்திருக்க வேண்டும்?

அதனால் நானே பென்சிலை எடுத்தேன். மட்டான், டிக் பெயர்களுக்குப் பக்கத்தில் ஓரத்தில் ‘நிரபராதி’. விட்டுப்போன இறந்தவர்களின் பெயர்களை, தெரிந்த அளவுக்கு, கீழே சேர்த்தேன்.

ஒருநாள் மழையில் நனைந்து பசை விட்டுவிட்டது, தாள்கள் கொத்தாகக் கையோடு வந்தன. பைண்டிங்குக்குப் போன கதை இதுதான். தையல் அருமை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் விளிம்பைச் சீராக்குகிறேன் என்று ஓரத்தை வெட்டிவிட்டார்கள். இப்போது மட்டான் பெயருக்குப் பக்கத்தில் ‘நிரப’ என்று மட்டும் இருக்கிறது. கீழே சேர்த்த பெயர்களில் பாதி போயே போய்விட்டது.

நண்பருக்குச் சொன்ன பதில்: வாங்காதீர்கள். ஐந்துக்கு இரண்டு தருவேன், அதுவும் பேக்கரிக்காக.

"அப்படியானால் உங்கள் பிரதியையாவது இரண்டு நாள் கொடுங்களேன்" என்றார். முடியாது என்றேன். ஓரத்தில் எழுத வேண்டிய வேலை பாக்கி இருக்கிறது, இந்த முறை பேனாவால்.