செக்கர்ஸா, நார்வேயா, கனடாவா, ஒப்பந்தமே இல்லாமலா? பிரெக்ஸிட் அணிக்குள் நடந்த சண்டை

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறுவதுதான் பிரெக்ஸிட். 2016 வாக்கெடுப்பில் அது முடிவானது. 2018 ஜூலை 6 அன்று அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே, அமைச்சரவை முழுவதையும் பிரதமருக்கான கிராமப்புற இல்லமான செக்கர்ஸ் மாளிகையில் உட்காரவைத்துத் தன் வெளியேறும் திட்டத்துக்குச் சம்மதம் வாங்கினார். அந்தச் சம்மதம் மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. 8ஆம் தேதி இரவு பிரெக்ஸிட் அமைச்சர் டேவிட் டேவிஸ் விலகினார். மறுநாள் வெளியுறவு அமைச்சர் போரிஸ் ஜான்சனும் போனார். நாடு காலனி நிலைக்குப் போகிறது என்று கடிதத்தில் எழுதிவிட்டுத்தான் போனார்.

செக்கர்ஸ் திட்டம் இதுதான்: சரக்குகளுக்கும் உணவுப் பொருள்களுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளையே பிரிட்டன் பின்பற்றும், சேவைத் துறையில் தனி வழி, ஆட்களின் தடையற்ற வரத்து நிற்கும். பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்துக்கும் ஒன்றியத்தில் தொடரும் அயர்லாந்துக்கும் இடையிலான எல்லையில் சோதனைச்சாவடி வராமல் இருக்க இந்த ஏற்பாடு. விதி எழுதும் மேசையில் இடமில்லை, ஆனால் எழுதியதற்குக் கட்டுப்பட வேண்டும் என்ற எதிர்ப்பாளர்களின் புகார் நியாயமானது. ஒரே விதிகளின்கீழ் சரக்கு, சேவை, பணம், ஆட்கள் தடையின்றிப் போய்வரும் ஒற்றைச் சந்தையையும் விட்டு வெளியேறுவோம் என்று தெரசா மே 2017 ஜனவரியில் அறிவித்ததோடு இது சரியாக ஒட்டவில்லை. ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸுக்கோ வேறு கோபம். பிரிட்டன் கேட்டது கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்கிற கதை. செப்டம்பரில் சால்ஸ்பர்க் மாநாட்டில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

சரி, மாற்று என்ன? அதில்தான் எதிர்ப்பாளர்கள் ஒருமித்து நிற்கவில்லை.

ஒன்றியத்தில் சேராமலேயே ஒற்றைச் சந்தையில் இருக்கும் நார்வேயின் வழியை விரும்பிய பிரெக்ஸிட்காரர்களும் உண்டு. ஒற்றைச் சந்தையில் இருக்கலாம், விவசாய, மீன்பிடிக் கொள்கைகளிலிருந்து விடுபடலாம். ஆனால் ஆட்கள் வரத்து தொடரும், பணமும் கட்ட வேண்டும். 2016 வாக்கெடுப்பில் குடியேற்றம் எவ்வளவு பெரிய பேச்சாக இருந்தது என்று பார்த்தவர்களுக்கு இது எடுபடாது என்பது புரியும். தவிர, உள்ளே சுங்க வரி இல்லாமல் வெளிநாட்டுப் பொருள்களுக்கு ஒரே வரி விதிக்கும் சுங்க ஒன்றியத்தில் நார்வே இல்லை. அதனால் ஸ்வீடன் எல்லையில் சுங்கச்சாவடி உண்டு. அயர்லாந்துச் சிக்கலும் தீராது.

டேவிஸும் ஜான்சனும் கேட்டது கனடா மாதிரி வர்த்தக ஒப்பந்தம். விதி நம்முடையது, நீதிமன்றம் நம்முடையது, பெரும்பாலான பொருள்களுக்கு வரி இல்லை. இறையாண்மைதான் முதல் அளவுகோல் என்றால் நேர்மையான வழி இதுதான் என்பேன். ஐரோப்பியத் தரப்பும் இதற்குத் தயார். ஆனால் அவர்கள் தயாராக இருந்தது பிரிட்டன் தீவுக்கு மட்டும். வட அயர்லாந்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும் என்றார்கள். தெரசா மேயின் அரசு நின்றதே, பிரிட்டனிலிருந்து வட அயர்லாந்தைப் பிரித்துப் பார்ப்பதை ஏற்காத டி.யு.பி. கட்சியின் 10 எம்.பி.க்கள் தயவில். சோதனைகளை எல்லையிலிருந்து தள்ளி நடத்தலாம் என்று தீவிர பிரெக்ஸிட் ஆதரவாளரான கன்சர்வேட்டிவ் எம்.பி. ஜேக்கப் ரீஸ்-மாக்கின் அணியினர் யோசனை சொன்னார்கள். டப்ளினில் இருக்கும் அயர்லாந்து அரசும் பிரஸ்ஸல்ஸும் அதை ஏற்கவில்லை.

ஒப்பந்தமே வேண்டாம், உலக வர்த்தக அமைப்பு விதிகள் போதும் என்றவர்கள் கடைசி ரகம். கார்களுக்கு 10 சதவீத வரி, டோவர் துறைமுகத்தில் லாரி வரிசை. மிரட்டலாக வேண்டுமானால் பயன்பட்டிருக்கும். திட்டம் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

எந்த மாற்றுக்கும் பெரும்பான்மை இல்லாமலேயே, தெரசா மே ஒன்றியத்துடன் பேசி முடித்த வெளியேறும் ஒப்பந்தத்தை மட்டும் நாடாளுமன்றத்தில் எல்லோரும் சேர்ந்து வீழ்த்தினார்கள். 2019 ஜனவரி 15 வாக்கெடுப்பில் 432க்கு 202. மார்ச் 29 அன்று, மூன்றாவது முறை, ஜான்சனும் ரீஸ்-மாக்கும்கூட ஆதரவாக வாக்களித்தார்கள். 'ஸ்பார்ட்டன்கள்' என்று பெயரெடுத்த 28 கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள் அப்போதும் அசையவில்லை. 58 வாக்கில் தோற்றது.

கடைசியில் கிடைத்தது கனடா வழிதான். அதற்கான விலையை வட அயர்லாந்து கொடுத்தது. பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவே சுங்கச் சோதனை வர எந்தக் கன்சர்வேட்டிவ் அரசும் கையெழுத்திட முடியாது, போடவும் கூடாது என்று 2018 நவம்பரில் பெல்ஃபாஸ்டில் டி.யு.பி. மாநாட்டிலேயே பேசியவர் ஜான்சன். 2019 அக்டோபரில் பிரதமராக அதையே செய்தார். அந்த ஏற்பாட்டைத் தளர்த்த அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் கொண்டுவந்த விண்ட்சர் ஒப்பந்தம் 2023 மார்ச்சில் 515க்கு 29 என்று நிறைவேறியது. எதிர்த்த 29 பேரில் ஜான்சனும் ஒருவர்.