ஹட்டன் ஞாயிறு இங்கிலீஷ் வகுப்பு: ஹோட்டல்காரருக்கு லாபம், ஓ.எல். பிள்ளைகளுக்கு வேண்டாம்

அவசரத்தில் இருப்பவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிசெப்ஷனிலோ ரெஸ்டோரண்டிலோ விருந்தினர் முகம் பார்த்துப் பேசவேண்டிய வேலையில் இருந்தால் யோசிக்காமல் சேருங்கள். பிள்ளைக்கு ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சை இங்கிலீஷில் ஒரு 'ஏ' வாங்கிக் கொடுக்கலாம் என்ற நினைப்பில் அனுப்புவதாக இருந்தால் அந்தக் காசை வேறு எதற்காவது வையுங்கள்.

டவுனில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான், ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடி. போர்டில் ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று போட்டிருந்தாலும் ஞாயிறு காலையில் சேர் (வாத்தியார்) எடுப்பது வேறு. இங்கிலீஷுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, எழுதுவது ஒன்றும் சொல்வது ஒன்றுமாக நம்மைப் பாடாய்ப் படுத்தும் பிரெஞ்சுச் சொற்களை மட்டும்தான் அந்த வகுப்பில் எடுக்கிறார். மாதம் 2,500 ரூபா, டியூட்டுக்கு (வகுப்பில் தரும் பாடத்தாள்) தனியாகக் காசு இல்லை. சேர் கொட்டகலைக்காரர், உல்லாசக் கப்பல்களின் சாப்பாட்டு மண்டபத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், அதனால் புத்தகத்தில் படித்ததைச் சொல்கிற ஆள் இல்லை, ட்ரேயைத் தூக்கிக்கொண்டு நின்று வெள்ளைக்காரனிடம் ஏச்சு வாங்கிப் படித்த ஆள்.

இதற்கெல்லாம் ஒரு வகுப்பா என்று கேட்பவர்களுக்கு: நுவரெலியா, எல்ல, பண்டாரவளை பக்கம் பழைய துரை பங்களா ஒன்றைத் திருத்தி ஹோட்டல் ஆக்கினார்கள் என்றால் முதல் வேலையாக மெனு அட்டையில் இந்தச் சொற்களைத்தான் அடித்து ஒட்டுகிறார்கள். சூப்புக்கு முன்னால் தருகிற ஒரு வாய்ச் சாப்பாட்டுக்கு அம்யூஸ்-பூஷ், பஃபேயில் கறியைச் சூடாக வைக்கிற தண்ணீர்த் தொட்டிக்கு பேன்-மரீ, வேலை தொடங்குமுன் எல்லாவற்றையும் வெட்டி அடுக்கி வைப்பதற்கு மீஸ்-ஓன்-ப்ளாஸ். அச்சடித்தவர் போய்விடுவார், அதை வாயால் சொல்லவேண்டியது தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்த இருபது வயதுத் தம்பி. தொடக்கத் தட்டுக்கான சொல்லை எழுத்துக்கூட்டி 'ஹோர்ஸ்' என்று ஆரம்பித்து மேசையில் இருந்தவர்களைக் குதிரைக்கறியோ என்று பயப்பட வைத்த கதை ஒவ்வொரு ஹோட்டலிலும் ஒன்று இருக்கும். ஓ-டேர்வ், அவ்வளவுதான், 'வேலைக்கு வெளியே' என்று சொல்லுக்குச் சொல் அர்த்தம், பிரதான சாப்பாட்டுக் கணக்கில் சேராதது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகுப்பின் பலம் என்னவென்றால் சேர் பட்டியல் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்வதில்லை. முதல் பாடத்தில் போர்டில் இரண்டே சொல் எழுதினார்: சீஃப், ஷெஃப். இரண்டும் ஒரே பிரெஞ்சுச் சொல்தான், தலைவன் என்று பொருள். 1066-ல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்தார்களே, அதற்குப் பின்னால் வந்த காலத்தில் உள்ளே போனது சீஃப், போய்ப் பழகி முழு இங்கிலீஷாகவே ஆகிவிட்டது. ஷெஃப் 19-ஆம் நூற்றாண்டில் சமையல்கட்டு வழியாக வந்தது, ஆகவே பிரெஞ்சு உச்சரிப்பைக் கழற்றவே இல்லை. இதிலிருந்து சேர் பிடிக்கச் சொல்வது இதுதான்: இரண்டின் தொடக்கத்திலும் உள்ள 'சி-எச்' என்ற அதே எழுத்துக்கூட்டை 'ச்ச' என்று சொன்னால் பழைய வரவு (செயார், சார்ஜ், சேம்பர்), 'ஷ' என்று சொன்னால் பிந்திய வரவு (ஷாம்பெய்ன், ஷலே, ஷோஃபர், மெஷின்). நூற்றுக்கு நூறு சரிவரும் என்று அவரும் சொல்லவில்லை, ஆனால் புதுச் சொல் ஒன்று மெனுவில் முளைக்கும்போது எந்தப் பக்கம் சாய்வது என்று தெரிந்துவிடுகிறது. கடைசி 'ட்' எழுத்துக்கும் கிட்டத்தட்ட அதே கதை. டிக்கெட், பாக்கெட் பழசு, அதனால் 'ட்' கேட்கிறது. பஃபே, பொக்கே, ஷலேயில் எழுத்து இருக்கிறது, சத்தம் இல்லை. இ.போ.ச. (அரசாங்க பஸ்) ஆட்கள் டிப்போ டிப்போ என்று தினமும் அந்த 'ட்'டை விழுங்கிச் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், யாரும் அவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை! டிக்கெட்டும் எட்டிக்கெட்டும்கூட ஒரே வயிற்றுப் பிள்ளைகளாம். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு ஒட்டுகிற சீட்டு, லேபிள் என்று அர்த்தம், ஒன்று முன்னால் வந்து ரயிலில் ஏறிவிட்டது, மற்றது 18-ஆம் நூற்றாண்டில் அரண்மனை மரியாதை முறைகளோடு வந்து இன்னும் விறைத்துக்கொண்டு நிற்கிறது.

அடுத்தது தொப்பிப் பாடம். எனக்கு இதற்கே கொடுத்த காசு சரி. பிரெஞ்சில் சில உயிரெழுத்துகளின் தலையில் சின்னக் கூரை மாதிரி ஒரு குறி இருக்கும், பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அந்தக் குறிக்குப் பின்னால் ஒரு காலத்தில் 'ஸ்' இருந்தது, பேச்சில் விழுந்துவிட்டது, 1740-ல் பிரெஞ்சு அகாடமியின் அகராதி அந்த எழுத்தை எடுத்துவிட்டுத் தொப்பியைப் போட்டது. இங்கிலீஷோ அதற்கு வெகுகாலம் முன்பே வாங்கிக்கொண்டதால் 'ஸ்'ஸை வைத்துக்கொண்டிருக்கிறது. தொப்பியை எடுத்துவிட்டு 'ஸ்'ஸைப் போட்டுப் பாருங்கள், ஹோட்டல் என்பது ஹொஸ்டல் ஆகிறது, தாப்ல்-டோட் என்கிற நிலையான விலை மெனுவின் கடைசித் துண்டு ஹோஸ்ட் ஆகிறது (வீட்டுக்காரனுடைய மேசை, அவன் சமைத்ததைத்தான் தின்னவேண்டும், தெரிவு கிடையாது), மேத்ர-டீ, அதாவது தலைமைப் பரிமாறுநர், மாஸ்டர் ஆகிறார். பிடிக்காத ஆளையோ விஷயத்தையோ பெட்-நுவார் என்பார்கள், அதன் முதல் பாதி பீஸ்ட், கறுப்பு மிருகம். காட்டுக்கும் தீவுக்கும் கடற்கரைக்கும் பிரெஞ்சில் உள்ள சொற்கள்கூட இப்படித்தான் அவிழ்கின்றன.

இனி திட்டு. இந்தப் பாடத்துக்கான டியூட்டில் தொப்பியே இல்லை! சேர் கையால் எழுதிய மூலப்பிரதியைப் போட்டோக்கொப்பி அடித்து, அந்தக் கொப்பியிலிருந்து இன்னொரு கொப்பி அடித்து, நம் கைக்கு வரும்போது பாதிக் குறி அழிந்து மீதி ஈ இருந்த மாதிரி கிடக்கிறது. எந்தக் குறியைப் பார்க்கவேண்டும் என்று ஒரு மணித்தியாலம் சொல்லிக்கொடுத்துவிட்டு அந்தக் குறி இல்லாத தாளைத் தருவது என்ன நியாயம் என்று கேட்டால் சிரிக்கிறார். போனில் படமெடுத்து அனுப்பச் சொன்னோம், அது மட்டும் நடந்தது.

தாளை விட வாட்ஸ்அப் நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் அந்த வாரச் சொற்களை அவரே இரண்டு தடவை மெதுவாகவும் ஒரு தடவை ஹோட்டலில் பேசும் வேகத்திலும் சொல்லி வொய்ஸ் அனுப்புகிறார். பஸ்ஸில் தலவாக்கலை போய்ச் சேருவதற்குள் வாய் பழகிவிடும். இலவச ஆப்களிலும் உச்சரிப்பு இருக்கிறதுதான், மறுக்கவில்லை, ஆனால் பெரும்பாலும் அமெரிக்க வாய், மேசையில் யார் இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. ஒன்ட்ரே என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் அது முதல் தட்டு, அமெரிக்காவில் பிரதான தட்டு. எங்கள் ஹோட்டல் டைனிங்கில் ஒரு அமெரிக்க ஜோடி ஒன்ட்ரே என்று கேட்க, பரிமாறிய தம்பி முறைப்படி சின்னத் தட்டைக் கொண்டுபோய் வைக்க, அவர்கள் அதை முடித்துவிட்டு இவ்வளவுதானா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது மேசைக்குப் போகும் தம்பிமார் பாஸ்போர்ட் எந்த நாடு என்று முதலில் ரிசெப்ஷனில் கேட்டுக்கொண்டு போகிறார்கள். இந்த மாதிரி விஷயங்களை சேர் விட்டுவிடாமல் எடுக்கிறார். நொம்-டு-ப்ளூம் (புனைபெயர்), டூப்ல்-ஒன்டோன்ட்ர் (இரட்டை அர்த்தப் பேச்சு) இரண்டும் பார்க்கப் பிரெஞ்சு மாதிரி இருந்தாலும் இங்கிலீஷ்காரர் பாவிக்கிற மாதிரி பிரெஞ்சுக்காரர் பாவிப்பதில்லை, ஆகவே பிரெஞ்சு விருந்தினரிடம் கெட்டித்தனம் காட்டப் போகவேண்டாம் என்றும் சொல்லிவைத்தார்.

ஒரு பாடம் முழுக்க கேர்ஃபியூ. நமக்கு இதை அறிமுகப்படுத்தவேண்டியதில்லை, 2020 மார்ச் 20 நாடு முழுக்கப் போட்டார்கள், 2022-லும் பார்த்தோம். பழைய பிரெஞ்சில் 'நெருப்பை மூடு' என்பதிலிருந்து வந்தது அது. வீடெல்லாம் மரமும் வைக்கோலுமாக இருந்த காலத்தில் இரவு மணி அடித்ததும் அடுப்புத் தணலை மூடிவிட்டுப் படுக்கவேண்டும், இல்லாவிட்டால் தெருவே எரிந்துவிடும். பட்லர் என்பது போத்தல்காரன், பான்ட்ரி என்பது பாண் வைக்கிற அறை என்றும் அதே பாடத்தில் வந்தது. பங்களாவில் பட்லர் வேலை பார்த்த தாத்தாமார் நம் குடும்பங்களில் எத்தனை பேர், போத்தல் மட்டுமா தூக்கினார்கள்? வகுப்பில் அன்றைக்குச் சத்தம் அடங்க நேரமாகியது.

ஆனால் சேருக்கு ஒரு பலவீனம், அழகான சொல்லைக் கண்டால் விடமாட்டார். ஒன்வீ, இன்சூசியன்ஸ், சோங்-ஃப்ருவா என்று இரண்டு வாரம் போனது. சலிப்பு, கவலையற்ற போக்கு, பதறாத நிதானம், எல்லாம் சரிதான், ரிசெப்ஷன் கவுண்டரில் நின்று யாரிடம் போய் இன்சூசியன்ஸ் என்று சொல்வது? அந்த நேரத்தில் ஃபோர்ஸ்-மஜேரை (நம் கையை மீறிய தடங்கல்) இன்னும் கொஞ்சம் விளக்கியிருக்கலாம். புக்கிங் ஒப்பந்தங்களில் அந்த ஒரு வரியில்தான் காசு நிற்கிறது, மண்சரிவில் ரோடு அடைபட்டால், பெட்ரோல் இல்லாமல் போனால், முற்பணம் யாருடையது என்று சண்டை வருகிற இடம் அது. அதற்குப் பதினைந்து நிமிஷம்கூட ஒதுக்கவில்லை. எஸ்ப்ரி-டு-லெஸ்கல்யே மட்டும் விதிவிலக்கு, வேலைக்கு உதவாவிட்டாலும் அதை நான் மன்னிக்கிறேன். விருந்தினர் கத்திவிட்டுப் போன பிறகு, படி இறங்கும்போதுதான் சரியான பதில் தோன்றுமே, அதற்கென்றே ஒரு பெயர். 18-ஆம் நூற்றாண்டில் திதரோ என்ற பிரெஞ்சு எழுத்தாளர் எழுதியதிலிருந்து வந்ததாம். எங்கள் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் படிக்கட்டில் தினமும் நடப்பது.

மற்றக் குறைகள் சின்னவை. தகரக் கூரை, ஹட்டன் மழை பிடித்தால் மூக்கால் சொல்கிற ஒலிகள் ஒன்றும் காதில் விழாது, அதை மட்டும் வொய்ஸில் திரும்பக் கேட்கவேண்டும். கழிவறை கீழ்க்கடையோடு பொது. சான்றிதழ் என்று ஒரு தாள் தருகிறார்கள், அதை நம்பி வேலைக்கு விண்ணப்பிக்காதீர்கள், ஹோட்டல் துறையில் மதிக்கிற தகுதி வேண்டுமானால் பண்டாரவளையில் அரசாங்க ஹோட்டல் பள்ளி இருக்கிறது, அதுதான் வழி. உண்மையான பிரெஞ்சு படிக்க ஆசைப்படுகிறவர்கள் கண்டியில் அலியான்ஸ் ஃப்ரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி நிலையத்துக்குப் போகவேண்டும், சேரே அப்படித்தான் சொல்லி அனுப்புகிறார், தன்னிடம் பிரெஞ்சு இல்லை, பிரெஞ்சு வாசனை உள்ள இங்கிலீஷ்தான் இருக்கிறது என்கிறார். ஓ.எல். பிள்ளைகள் விஷயமும் இதுதான். எங்கள் தொகுதியில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள், பாவம், பரீட்சையில் வருவது கட்டுரையும் இலக்கணமும், இங்கே மேத்ர-டீ பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் அவர்கள் என்ன செய்வார்கள், பின்வரிசையில் போன் நோண்டிக்கொண்டிருந்தார்கள்.

பெரிய குறை ஒன்று மிச்சம்: நாள். ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல்காரனுக்கு எங்கே ஆஃப்? சனி இரவு தங்கியவர்கள் எல்லாம் செக்-அவுட் ஆகிற காலையில்தான் வகுப்பு வைத்திருக்கிறார், கப்பலில் ஞாயிறும் திங்களும் ஒன்றுதான் என்பதால் தோன்றவில்லையோ என்னவோ. கேட்டதற்கு, பத்துப் பேர் சேர்ந்தால் செவ்வாய்ப் பின்னேரம் ஒரு தொகுதி தொடங்குகிறேன் என்றார். அந்த நாளில் ஆஃப் எடுக்கக்கூடியவர்கள் ஹார்ட்வெயார் கடைக் கவுண்டரில் பெயரும் போன் நம்பரும் கொடுத்து வைத்தால் போதும், அங்கே அதற்கென்று ஒரு கொப்பி வைத்திருக்கிறார்கள்.