இதழோடு சேர்த்து வாசிக்க வேண்டிய கதைகள்: நூலகம் எண்ணிம நூலகம் பற்றி

ஈழத்துச் சிறுகதைகளைத் தேடி வாசிக்கும் ஒருவர் கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ வசிப்பாரானால், இன்று அவருடைய கைக்கெட்டும் மிகப் பெரிய புத்தக அலுமாரி நூலக நிறுவனம் இணையத்தில் நடத்தும் எண்ணிம (டிஜிட்டல்) நூலகமே ஆகும். 2005ஆம் ஆண்டில் தன்னார்வ முயற்சியாகத் தொடங்கிய இத்தளம் வாசகரிடம் கட்டணம் கேட்பதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பது பலரும் அறிந்த செய்தி. இவ்வூர்கள் இருக்கும் வன்னியில் வீட்டுக்கு வீடு தொலைந்துபோன புத்தகங்களுக்கு அப்படியொரு கணக்கு இல்லை. போரால் 1996இல் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டவர்களும், 2009 வரை ஊர் ஊராக நகர்ந்தவர்களும் உழவு இயந்திரப் பெட்டியில் முதலில் ஏற்றியவை நெல்மூட்டையும் பாத்திரங்களுமே. பழைய இதழ்க்கட்டுகளுக்கு அதில் இடம் இருக்கவில்லை. ஆகவே இங்குள்ள வாசகருக்கு இத்தளத்தின் பெறுமதி மற்ற ஊர்க்காரருக்கு இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலானது.

சிறுகதைத் தொகுதிகள் இங்கே நிறைய உண்டு. எனினும், தொகுதிகளை விட்டுவிட்டு முதலில் இதழ்களுக்குப் போகுமாறே நான் பரிந்துரைப்பேன். 1946இல் தொடங்கிய மறுமலர்ச்சி, டொமினிக் ஜீவா 1966 ஆகஸ்ட்டில் தொடங்கிய மல்லிகை, 1975இல் வரத் தொடங்கிய அலை, 2007இல் தொடங்கிய ஜீவநதி என்று இதழ் இதழாக இறங்கும்போது, ஒரு கதை அது பிறந்த வீட்டிலேயே நமக்கு அறிமுகமாகிறது. தொகுதியில் அதே கதை குளித்து உடுத்துப் படத்துக்கு நிற்பதுபோல நிற்கும். இதழிலோ அதற்கு முன்பக்கத்தில் ஒரு கவிதையும், பின்பக்கத்தில் ஒரு நகைக்கடை விளம்பரமும், எங்கோ நடந்த இலக்கியக் கூட்டத்தைப் பற்றிய கோபமான குறிப்பும் இருக்கும். மல்லிகையின் அட்டையில் ஓர் எழுத்தாளரின் முகம் இருக்கும். உள்ளே ‘தூண்டில்’ என்ற பகுதியில் வாசகரின் கேள்விகளுக்கு ஆசிரியர் ஜீவா முகத்துக்கு நேரே பதில் சொல்லிக்கொண்டிருப்பார். தம்முடைய முடிதிருத்தும் சலூனிலிருந்தே இதழை நடத்திய ஒருவரின் குரல் அது என்பது தெரிந்து வாசித்தால், அப்பக்கங்களில் வரும் கதைகளின் சாதிக்கோபமும் வர்க்கக்கோபமும் எங்கிருந்து வந்தன என்பதற்கு வேறு விளக்கவுரை தேவைப்படாது.

வாசிக்கும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாவலுக்குத் தேவைப்படும் ஓய்வு பெரும்போக நெற்செய்கைக் காலத்தில் எவருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டு வரம்பில் காத்திருக்கும் பொழுதுக்குள் ஒரு சிறுகதை முடிந்துவிடும், முடிந்த பிறகும் வீடு திரும்பும் வழியெல்லாம் அதன் கடைசிப் பத்தி மனதில் ஓடிக்கொண்டிருக்கும். இந்த அளவுப் பொருத்தத்துக்கு இணையான இன்பத்தை வேறெந்த இலக்கிய வடிவமும் எனக்குத் தந்ததில்லை.

எழுதப் பழகுபவர்களுக்கு இத்தளம் இன்னும் கூடுதலாக உதவும். இதழ்க்கதைகள் பெரும்பாலும் சில பக்கங்களுக்குள் அடங்க வேண்டியவை. அந்த நெருக்கடிக்குள் ஒருவர் கதையை எந்த இடத்தில் தொடங்கினார், எந்தப் பாத்திரத்துக்குப் பெயரே வைக்காமல் விட்டார், விவரிப்பை எழுத்துத் தமிழிலும் உரையாடலைப் பேச்சுத் தமிழிலும் எப்படி ஓட்டினார் என்பதைப் பல கதைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதே விளங்கிக்கொள்ள முடிகிறது. குளக்கட்டும் காடும் குடியேற்றத் திட்டக் காணியும் கதைக்களமாக வரும்போது வன்னிக்காரருக்கு ஒரு சங்கடமும் உண்டு: நாம் அறிந்த எல்லாவற்றையும் எழுதிவிடத் தோன்றும். சூடடிப்பு நாள் முழுவதையும் கொப்பியில் எழுதிவிட்டு, நெல்லை அளந்து கடன்காரருக்கு ஒதுக்கும் அந்தச் சிறுபொழுதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டும்போது முதலில் வலிக்கும். பிறகு வாசித்துப் பார்த்தால், வெட்டிய பகுதி முழுவதும் மிஞ்சிய பகுதிக்குள்ளேயே இருப்பது தெரியும். எழுதுவதில் எனக்குப் பிடித்த பொழுது அதுதான்.

இனிப் பயன்பாடு. கோப்புகள் பெரும்பாலும் அச்சுப் பக்கங்களின் மின்வருடல்கள் (ஸ்கேன்) என்பதால் அவற்றின் அளவு பெரிது. ஒவ்வொன்றின் அளவும் இணைப்பின் அருகிலேயே குறிக்கப்பட்டிருப்பதால், டேட்டாவை எண்ணிச் செலவழிப்பவர்கள் பார்த்துவிட்டுத் தரவிறக்கலாம். இரண்டு பத்தியாக அச்சான பழைய இதழ்ப் பக்கத்தைச் சிறிய கைபேசித் திரையில் வாசிப்பது கண்ணுக்கு வேதனை. டப்லெட் இருந்தால் நல்லது. பல பக்கங்களுக்கு எழுத்துணரியாக்கப் பிரதியும், அதாவது பக்கத்தின் படத்தை எந்திரம் வாசித்து எழுத்தாக்கிய பிரதியும் உண்டு. பழைய அச்செழுத்துகளை எந்திரம் தவறாக வாசித்த இடங்கள் அதில் இருக்கக்கூடும் என்பதால், அதைத் தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு கதையைப் படிமத்திலேயே வாசிப்பது நல்லது. மேலும், பல இதழ்களுக்கு உள்ளடக்கப் பட்டியல் தட்டச்சாகித் தரப்பட்டுள்ளது. கதையின் தலைப்பு மட்டும் நினைவில் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. புனைபெயர்களில் எழுதியவர்களைத் தேட ‘ஆளுமைகள்’ பகுதியிலிருந்து தொடங்கலாம்.

சிறுகதைக்காக மட்டுமே இத்தளத்துக்குப் போகிறவர் ஓர் எழுத்தாளரைப் பிடித்துக்கொண்டு போகாமல், ஓர் ஆண்டைப் பிடித்துக்கொண்டு அவ்வாண்டின் இதழ்களை வரிசையாக வாசிக்க வேண்டும். கதைக்கு வந்த பாராட்டும் கண்டனமும் பிந்திய இதழ்களின் கடிதப் பக்கங்களில் கிடைக்கும். பெரும் புகழ் பெற்ற கதைகளுக்கு அருகே, பிறகு ஒருபோதும் எழுதாதவர்களின் நல்ல கதைகளும் அங்கே உள்ளன. எந்தத் தொகுப்பாசிரியரும் அவற்றைத் தேர்ந்ததில்லை. வன்னியில் எவருடைய வீட்டிலாவது பொருளாதாரத் தடைக்காலத்தில் மட்டமான தாளில் அச்சான ஒரு சிற்றிதழோ பாடசாலை மலரோ தப்பியிருந்தால், அது அத்தளத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, இல்லையெனில் மின்வருடுவதற்குக் கொடுத்துதவ வேண்டும். அந்தத் தாள் இன்னும் அதிக காலம் தாங்காது.