காய்ந்து எழுவதா, நீரைப் பூட்டி வைப்பதா?

தரைக்கு வந்த செடிகளை முதலில் மிரட்டியது வறட்சி. அதற்கு இரண்டு விடைகள் உருவாயின. இரண்டும் இன்றும் நம் கண்முன் இருக்கின்றன.

முதலாவது, ஈரப் பாறையில் பச்சைப் படுகையாய்ப் படரும் மாஸ் (moss) என்ற சிறு செடிகளின் வழி: காற்று காய்ந்தால் செடியும் காயும். சின்ட்ரிக்கியா என்ற மாஸ் தன் நீரில் பெரும்பகுதியை இழந்தும் சாவதில்லை. செல்லில் உள்ள சர்க்கரை கண்ணாடிபோல் இறுகிச் சவ்வுகளைக் குலையாமல் பிடித்துக்கொள்கிறது. நீர் பட்டால் சில நிமிடங்களில் விரிந்துவிடும். வேரும் வேண்டாம், நீர் ஏற்றும் குழாயும் வேண்டாம். வெறும் பாறை போதும்.

ஆனால் நனைந்தவுடன் பழுதுபார்க்கும் வேலைக்காகச் சுவாசம் எகிறுகிறது. சேமித்த கார்பன் செலவாகிறது. ஈரம் நீடித்தால்தான் ஒளிச்சேர்க்கை அதை ஈடுகட்டும். அமெரிக்காவின் கொலராடோ பீடபூமியில் கோடையில் அடிக்கடி 1.25 மி.மீ. அளவே நீர் தெளித்துப் பார்த்தார்கள். மாஸ் மடிந்தது. மழை இல்லாததைவிட, போதாத மழையே அதற்குப் பெரிய கேடு.

இரண்டாவது வழி நீரை உடலுக்குள் பூட்டுவது. இது சிக்கலானது, ஒரு திருத்தம் அடுத்த திருத்தத்தைக் கேட்கும். மெழுகுப்படலமான கியூட்டிக்கிள் நீரைத் தடுக்கும், கரியமில வாயுவையும் தடுக்கும். ஆகவே இலைத்துளை வேண்டும். துளை திறந்தால் நீர் ஆவியாகும். கீழிருந்து நீர் ஏற வேண்டும். அப்படி இழுக்கும்போது மெல்லிய குழாய் உள்ளுக்குள் நசுங்கிவிடும். சுவர் தடிக்க வேண்டும்.

இந்தப் படிகளை ஸ்காட்லாந்தின் ரைனி பாறையில் செல் செல்லாகப் பார்க்கலாம். சுமார் 40.7 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்நீர் ஊற்றின் சிலிக்கா செடிகளை அப்படியே கல்லாக்கிய இடம் அது. அங்குள்ள அக்லாவோஃபைட்டான் என்ற பழங்காலச் செடிக்குக் கியூட்டிக்கிளும் இலைத்துளையும் உண்டு; குழாய்ச்சுவரில் தடிப்பு இல்லை. செல்களின் நீரழுத்தத்தால் ஏறத்தாழ 18 செ.மீ. நின்றது. வேர் கிடையாது, தண்டுக்குள் குடியிருந்த பூஞ்சைதான் துணை. அதே பாறையில் உள்ள, தடித்த குழாய்கள் கொண்ட ஆஸ்டெராக்சிலான் என்ற செடி சுமார் 40 செ.மீ. எட்டியது.

உயரம்தான் குறி என்றால் இரண்டாம் வழிக்கே என் வாக்கு. அதன் விலையும் பெரிது: கடும் வறட்சியில் குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்தால் நீர்த்தொடர் அறும். ஓர் எல்லைக்கு மேல் வாடினால் பெரும்பாலான செடிகள் மீள்வதில்லை.

ஆனாலும் அவை காய்ந்து எழும் பழைய வித்தையைக் கைவிடவில்லை, விதைக்குள் வைத்துக்கொண்டன. 13 சதவீத ஈரத்துக்கு உலர்த்திய விதைநெல் மாதக்கணக்கில் கிடந்து முளைப்பது அதனால்தான்.